குப்பை அள்ளும் சபைக்கு அணுகுண்டு எதற்கு? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமது மாநகர, நகர, பிரதேச சபைகள் அணுவாயுத ஒழிப்பை ஆதரித்து ஒரு பிரேரணை நிறைவேற்ற வேண்டும் என்று சொன்னால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் கேள்வி வரும். கேள்விகளில் நியாயமானவை நிறைய உண்டு. சபை உறுப்பினர்களும் ஊர் மக்களும் வழக்கமாகக் கேட்பவற்றையும், அவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வடிகான் நிரம்பி வழிகிறது, தெருவிளக்கு எரியவில்லை, வெல்லாவெளிப் பக்கம் யானை வீட்டு வாசலில் நிற்கிறது. இந்த நிலையில் அணுகுண்டைப் பற்றிப் பேச வேண்டுமா?

வடிகானைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேரணைக்கு மாதாந்த அமர்வில் பதினைந்து நிமிடம் போதும். அதற்காக ஒரு உழவு இயந்திரமும் நிற்கப் போவதில்லை.

ஆனாலும் இது சபைக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2004 டிசெம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கையில் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் கரைகளிலும் இந்தப் பக்கம் கல்லடி, நாவலடியிலும் உடல்களை எடுத்து அடக்கம் செய்ததும், குடிநீர் கொண்டுவந்ததும், இடிபாடுகளை அகற்றியதும் முதலில் யார்? ஊர்ச் சனமும், பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியும், சபையின் ஊழியரும்தான். பேரழிவு எதுவானாலும் அதன் முதல் நாள் உள்ளூரின் தலையில்தான் விழும்.

அணுகுண்டு விழுந்தால் அந்த முதல் நாளைச் சுமக்கவும் ஆள் இருக்காது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் நகர மேயரே கொல்லப்பட்டார். மருத்துவர்களிலும் தாதியரிலும் பெரும்பாலானோர் இறந்தார்கள் அல்லது படுகாயமடைந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே சுமார் 1,40,000 பேரும் நாகசாக்கியில் ஏறக்குறைய 74,000 பேரும் இறந்துபோனார்கள். மேயர்கள் இந்த விடயத்தில் வாய் திறக்கும் வழக்கம் அந்த இரண்டு நகரங்களிலிருந்துதான் வந்தது.

சட்டப்படி ஒரு பிரதேச சபை இப்படிப் பிரேரணை எடுக்கலாமா?

எடுக்கலாம், அதன் எல்லை தெரிந்திருந்தால். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்குக் கொடுக்கும் பொறுப்பு பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றோடு நிற்கவில்லை. பிரதேச மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பாதுகாத்து மேம்படுத்துவதும் அதில் அடங்கும். மாநகர, நகர சபைகளுக்கும் இதே போக்கில் கடமைகள் உண்டு. மக்களின் நலன் குறித்து ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லி அரசாங்கத்துக்கு அனுப்புவது இதற்குள் வரும்.

அதே நேரத்தில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் மத்திய அரசின் கையில். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாணத்துக்குக் கொடுத்தது, வெளிவிவகாரத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே சபை கேட்கலாம், வலியுறுத்தலாம், வரவேற்கலாம். கட்டளையிட முடியாது. பிரேரணையில் "தடைசெய்கிறது" என்ற சொல் வந்தால் செயலாளர் பேனையை எடுப்பார், எடுக்கத்தான் வேண்டும். அமெரிக்காவின் ஒக்லண்ட் நகரத்தில் 1988இல் மக்கள் வாக்களித்து, அணுவாயுத வேலைகளையே நகரத்துக்குள் தடுக்கும் கடுமையான சட்டமொன்றைக் கொண்டுவந்தார்கள். அது மத்திய அரசின் அதிகாரத்துக்குள் நுழைகிறது என்று 1990இல் நீதிமன்றம் அதைச் செல்லுபடியற்றதாக்கியது. நமக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

இலங்கை ஏற்கெனவே அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதே. பிறகு சபை என்னத்தைக் கேட்பது?

கேள்விகளில் மிகவும் கெட்டிக்காரக் கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அணுவாயுதத் தடை ஒப்பந்தம் 2017 ஜூலை 7ஆம் திகதி ஐக்கிய நாடுகளில் 122 நாடுகளின் வாக்குகளோடு நிறைவேறியது. இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. 2021 ஜனவரி 22இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டெம்பரில் இலங்கை அதில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தையும் உறுதிப்படுத்தியிருந்தது. நாடே வங்குரோத்தாகிக் கிடந்த காலத்தில் இந்த இரண்டும் சத்தமில்லாமல் நடந்ததால் நம்மில் பலருக்குத் தெரியவே வரவில்லை.

பாரிஸ், வாஷிங்டன், சிட்னி, டொரொன்டோ போன்ற நகர சபைகள் எடுத்த தீர்மானங்களின் சாரம் ஒன்றுதான்: எங்கள் நாடு இன்னும் சேரவில்லை, சேரச் சொல்கிறோம். அந்த வாசகத்தை இணையத்திலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ நிறைவேற்றினால் அது பிழையான பிரேரணை. ஏற்கெனவே சேர்ந்த அரசாங்கத்தைச் சேரச் சொன்னதாகிவிடும். அப்படி ஒரு கடிதம் வெளிவிவகார அமைச்சுக்குப் போனால் அங்கே யாராவது சிரிப்பார்கள்.

நமது சபைகள் கேட்க வேண்டியது வேறு. ஒப்பந்தத்தின் 5ஆவது உறுப்புரை, ஒவ்வொரு உறுப்பு நாடும் அதை உள்நாட்டில் நடைமுறைப்படுத்த வேண்டும், தேவையான இடத்தில் தண்டனைச் சட்டமும் இயற்ற வேண்டும் என்கிறது. 12ஆவது உறுப்புரை இன்னும் முக்கியம்: சேராத நாடுகளைச் சேரும்படி ஊக்குவிப்பது சேர்ந்த நாட்டின் கடமை. இந்தியாவும் பாகிஸ்தானும் சேரவில்லை. இலங்கை அவர்களோடு பேச வேண்டும் என்று ஒப்பந்தமே எதிர்பார்க்கிறது. "கையெழுத்து வைத்தாயிற்று, மிச்சத்தையும் செய்யுங்கள்" என்று அரசாங்கத்துக்கு நினைவூட்டுவது பாரிஸ் செய்ததைவிடப் பொருத்தமானது, சட்ட ரீதியிலும் பலமானது.

இந்தியாவின் பெயரைப் பிரேரணையில் போடலாமா?

அமர்வில் சூடு ஏறக்கூடிய இடம் இதுதான். தமிழ் உறுப்பினர் சிலர் இந்தியாவைச் சங்கடப்படுத்த விரும்பமாட்டார்கள். முஸ்லிம் உறுப்பினர் சிலருக்குப் பாகிஸ்தானை மட்டும் சொன்னால் மனம் நோகும். என் யோசனை, இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டு "தெற்காசியாவின் அணுவாயுத நாடுகள்" என்று எழுதுங்கள். ஒன்றை மட்டும் போடும் பிரேரணை சபையைப் பிளக்கும், அதற்குப் பிறகு அது அணுவாயுதத்தைப் பற்றியதாக இருக்காது.

நமக்கு உண்மையில் என்ன ஆபத்து? நம்மீது யார் குண்டு போடப் போகிறார்கள்?

ஒருவரும் இலங்கைமீது போடவேண்டியதில்லை.

2025 மே 6ஆம் திகதி நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்கு எண்ணிக்கொண்டிருந்த அதே இரவில் இந்தியா பாகிஸ்தானுக்குள் ஏவுகணைத் தாக்குதலைத் தொடங்கியது. நான்கு நாள் சண்டைக்குப் பிறகே ஓய்ந்தது. இரண்டிடமும் ஆளுக்கு 170, 180 என்ற அளவில் அணுகுண்டுகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நமது சபைகளில் பெரும்பாலானவற்றின் இன்றைய உறுப்பினர்கள் தெரிவான இரவு அது. அன்று தொலைக்காட்சியில் நாம் பார்த்துக்கொண்டிருந்தது வட்டார முடிவுகளை.

பெரிய நகரங்கள் பற்றி எரியும்போது எழும் கரும்புகை வானத்தின் மேலடுக்குக்குப் போய், வருடக்கணக்கில் சூரிய ஒளியை மறைக்கும். உலகம் குளிரும், மழை பிசகும், விளைச்சல் விழும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பெரிய அளவில் அணுவாயுதப் போர் மூண்டால், அதன் பின்விளைவான பட்டினியால் மட்டும் உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இறக்கலாம் என்று கணித்தது.

சேனநாயக்க சமுத்திரத்து நீரிலும், உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீரிலும் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியதும் அடுத்த பெரும்போகம் என்ன ஆனது என்று சம்மாந்துறை வட்டையில் யாரையும் கேட்கலாம். உரம் போனாலும் வெயிலும் மழையும் இருந்தன. வெயிலே குறைந்துபோகும் போகத்துக்கு எந்த அமைச்சும் நட்டஈடு கொடுக்க முடியாது. வெளியிலிருந்து அரிசி இறக்கலாம் என்றால், அரிசி விற்கும் நாடுகளிலும் அதே வானம்தான்.

கூடங்குளத்தையும் இது எதிர்க்கிறதா?

இல்லை. கூடங்குளத்தில் இருப்பது மின் உற்பத்தி நிலையம். தடை ஒப்பந்தம் ஆயுதத்தைப் பற்றியது மட்டும். அமைதியான தேவைக்கு அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமையை அது தொடவில்லை. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பதையும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூடங்குளம் பற்றிய கவலை தனியாகப் பேச வேண்டிய கவலை. ஒரே பிரேரணையில் இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

எங்கட காணாமல்போனவர்களுக்கே பதில் இல்லை. ஹிரோஷிமாவுக்கு அழவா சொல்கிறீர்கள்?

மட்டக்களப்பு காந்தி பூங்காவில் படத்தோடு நின்ற தாய்மாரைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதில் பிழையே இல்லை. இந்தப் பிரேரணை அவர்களின் கோரிக்கைக்குப் பதிலாக வருமானால் நானே அதை எதிர்ப்பேன்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சட்டம். போரிடுகிறவனையும் போரிடாதவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்களுக்கும் மறுக்கப்பட்டது அந்தப் பாதுகாப்புத்தான். அணுகுண்டுக்கு அந்தப் பிரிவினை செய்யவே முடியாது; அது விழும் இடத்தில் தொட்டிலும் முகாமும் ஒன்று. பொதுமக்களைக் கொல்வது குற்றம் என்று ஜெனீவாவில் சொல்லித் திரிகிற நாம், பொதுமக்களைக் கொல்வதற்கென்றே செய்த ஆயுதத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் அது பொருந்தாது.

இது வெள்ளைக்காரர்களின் விவகாரம் அல்லவா? நமக்கு இதில் என்ன வரலாறு?

நிறையவே உண்டு. இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக அறிவிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளுக்குக் கொண்டுபோனது இலங்கை, சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலத்தில். 1971 டிசெம்பர் 16ஆம் திகதி பொதுச் சபை அதை ஏற்றது. இந்தக் கடலில் வல்லரசுகளின் தளங்களும் அணுவாயுதங்களும் வேண்டாம் என்பது அதன் உள்ளடக்கம். நமது மீனவர் போகும் அதே கடல். அந்தப் பிரகடனம் இன்றுவரை நடைமுறையாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு 1996இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதங்கள் சட்டபூர்வமானவையா என்பது குறித்து ஆலோசனைக் கருத்து வழங்கியது. பொதுவாகச் சட்டத்துக்கு முரண், ஆனால் ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் திட்டமாகச் சொல்ல முடியாது என்று பெரும்பான்மை நழுவியபோது, எந்த நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் இலங்கையரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. அதற்கு முந்திய ஆண்டு அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மீளாய்வு, நீடிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜயந்த தனபால, அவரும் இலங்கையர். இந்த மூன்றையும் பிரேரணையின் முன்னுரையில் சொன்னால் "வெளிநாட்டுச் சரக்கு" என்ற பேச்சு தானாக அடங்கும். கொழும்பில் சிங்களத்தில் வாசிக்கிறவருக்கும் அது பிடிக்கும். பிடிக்கட்டுமே, கடிதம் அங்கேதானே போகிறது.

வேறெங்கே உள்ளூராட்சி மன்றங்கள் இதில் ஏதாவது சாதித்திருக்கின்றன?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் 1980 நவம்பரில் தன்னை அணுவாயுதமற்ற நகரமாக அறிவித்தது. மற்ற ஊர்களும் தொடர்ந்தன. ஹிரோஷிமா மேயரின் முயற்சியில் 1982இல் தொடங்கிய சமாதானத்துக்கான மேயர்கள் அமைப்பில் இன்று 8,000க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன. நியூசிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சபைகள் அறிவிப்புச் செய்து, நாட்டின் சனத்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி அறிவித்த ஊர்களில் வாழும் நிலை வந்தது. 1987இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. கீழேயிருந்து மேலே போனதற்கு நல்ல உதாரணம்.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் கோபே. 1975 மார்ச்சில் அந்த நகர சபை, துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் போர்க்கப்பல் அணுவாயுதம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும் என்று தீர்மானித்தது. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. ஆகவே பல பத்தாண்டுகளாக அதன் கப்பல்கள் கோபேக்கு வராமலே இருந்துவிட்டன. சண்டையில்லை, ஊர்வலமில்லை, ஒரு கடதாசி கேட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஒலுவிலுக்கும் வாழைச்சேனைக்கும் நாமும் அதைச் செய்யலாமே?

முடியாது. கோபே துறைமுகம் நகரத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. நமது துறைமுகங்கள் மத்திய அரசின் நிறுவனங்களிடம்.

கடைசியில் இது வெறும் கடதாசிதானே?

மிதிவெடித் தடையும் ஒரு காலத்தில் கடதாசிதான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஒன்றும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இருந்தும் உலகில் மிதிவெடி உற்பத்தியும் விற்பனையும் பெருமளவு குறைந்தன, ஏனென்றால் அது அசிங்கமான ஆயுதமாகிவிட்டது. மட்டக்களப்பு 2017இல் மிதிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வெடி அகற்றுவோர் ஒவ்வொரு சாணாகத் தோண்டிய நிலத்தில் இன்று மாடு மேய்கிறது. அணுவாயுதத்தில் இவ்வளவு விரைவாக எதுவும் நடக்காது. உலகில் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும். ஒரு சபையின் பிரேரணையைப் படித்துவிட்டு அவர்கள் கலைக்கப் போவதில்லை. நாம் பேசுவது கொழும்போடு, கொழும்பின் வழியாக அயல்நாடுகளோடு.

சரி, பிரேரணையை எப்படி எழுதுவது?

ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் சபைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"அணுவாயுதம் எங்கு பயன்படுத்தப்பட்டாலும் அதன் விளைவு எல்லைகளுக்குள் அடங்காது என்பதையும், போரையும் 2004ஆம் ஆண்டு சுனாமியையும் அனுபவித்த இப்பிரதேச மக்கள் பேரழிவின் சுமையை அறிந்தவர்கள் என்பதையும், 1971ஆம் ஆண்டின் இந்து சமுத்திர அமைதி வலயப் பிரகடனத்தை முன்மொழிந்த நாடு இலங்கை என்பதையும் கருத்திற்கொண்டு, அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2023ஆம் ஆண்டு இணைந்ததை இச்சபை வரவேற்கிறது. அவ்வொப்பந்தத்தின் 5ஆவது உறுப்புரைக்கு அமைய உள்நாட்டுச் சட்ட ஏற்பாடுகளை முழுமையாக்குமாறும், 12ஆவது உறுப்புரைக்கு அமைய தெற்காசியாவின் அணுவாயுத நாடுகளை இணையத் தூண்டுமாறும் அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறது."

இவ்வளவும் போதும். ஓர் உறுப்பினர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இரண்டு பேரும் வேறு கட்சி, முடிந்தால் வேறு சமூகம் என்றால் நல்லது. கல்முனைப் பக்கம் எல்லைப் பிரச்சினையால் ஒரே மேசையில் இருக்கத் தயங்குகிறவர்களும் கையுயர்த்தக்கூடிய பிரேரணை இது, ஏனென்றால் இதில் யாருடைய காணியும் போகாது. செயலாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். "வேறு விடயங்கள்" என்ற தலைப்பில் கடைசி நேரத்தில் நுழைத்தால் தேநீர்ச் சத்தத்தில் போய்விடும்.

எந்த நாளில் கொண்டுவருவது?

பலரும் ஓகஸ்ட் 6 என்பார்கள். நமது ஊர்களில் ஓகஸ்ட் ஏற்கெனவே பாரமான மாதம்: 3ஆம் திகதி காத்தான்குடிப் படுகொலை, 12ஆம் திகதி ஏறாவூர்ப் படுகொலை. அந்த வீடுகளின் துக்கத்தோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். செப்டெம்பர் 26 அணுவாயுதங்களை முற்றாக ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகளின் நாள். செப்டெம்பர் மாத அமர்வு பொருத்தமாக இருக்கும்.

மேயர்கள் அமைப்பில் சேரச் செலவு உண்டா? மரக்கன்று தருவார்களாமே?

மேயரோ தவிசாளரோ கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். சிறிய ஆண்டுத் தொகையொன்றைக் கேட்பார்கள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்குச் சபையில் தனி அனுமதி எடுப்பது நல்லது. ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய மரங்களின் விதைகளையும் கன்றுகளையும் உறுப்பு நகரங்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் கின்கோவும் ஒன்று. குளிர்நாட்டு மரம், மட்டக்களப்பின் ஜூலை வெயிலில் அது படும் பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நூலக வளவில் ஒரு நாவலோ மருதமோ நட்டுவிட்டுப் பெயர்ப்பலகை வைத்தால் போதும்.

நிறைவேறிய பிறகு யாருக்கு அனுப்புவது?

வெளிவிவகார அமைச்சுக்கும், மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும், மாவட்டத்தின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும். கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்போடு. பதில் வராவிட்டால் மூன்று மாதத்தில் நினைவூட்டல் கடிதம் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பாராளுமன்றத்தில் வாய்மூலக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். அமைச்சர் எழுந்து பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.